நெல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம்

மதலைமுத்து வீட்டு முன்கூடத்தில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. உரக்கடைக்காரர் வந்தால் உட்கார ஒன்று, நெல் தரகர் வந்தால் ஒன்று, பங்குச் சாமியார் வந்தால் துடைத்துப் போட ஒன்று என்று சுவர் ஓரமாக அடுக்கி வைத்திருக்கும். ஆனால் அந்த வீட்டு மருமகள் அருள்மேரி பட்டப்பகலில் அதில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பது மட்டும் கூடாது. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது மதலைமுத்துவின் கேள்வி. வருகிறவர்கள் எதுவும் நினைத்ததாகத் தெரியவில்லை. காபி எப்போது வரும் என்பதுதான் அவர்கள் கவலை.

அய்யம்பேட்டைக்குத் தெற்கே, சூசையப்பர் படுகை என்ற ஊரில் அந்த வீடு தெருவில் தொடங்கி வாய்க்காலில் முடியும். முதலில் முன்கூடம். அதற்குப் பின்னால் நெல் அறை. அதையும் தாண்டினால் அருள்மேரியின் அறை, அடுப்படி, கொல்லை. இண்டர்நெட் லைன் தெருப்பக்கக் கம்பத்திலிருந்து வந்து, முன்கூடத்து டிவிக்கு மேலே ரவுட்டர் பெட்டியில் இறங்கியது. அங்கிருந்து வைஃபை நெல் அறையைக் கடந்து அவள் மேசைக்கு வந்து சேரவேண்டும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தது.

அவள் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் என்றால், அவருடைய மருத்துவமனைக் குறிப்பைப் படித்து, அந்த நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் பதிய வேண்டும். கம்பெனி திருச்சியில் இருந்தது. விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணமாகி வந்தவள் அருள்மேரி. பத்தொன்பது வருஷம் அந்தப் படிப்பு பீரோவுக்குள் கிடந்தது. மகள் லின்சி கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, யாரிடமும் உத்தரவு கேட்காமல் ஆன்லைனில் படித்துப் பரீட்சை எழுதி, தேறி, வேலையும் வாங்கிவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள். கணவன் சகாயராஜ் சந்தோஷப்பட்டான், அப்பா வயலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. மதலைமுத்து மட்டும், "அமெரிக்காக்காரன் வயித்து வலிக்கு நம்ம வீட்ல கணக்கு எழுதுறாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கேலி பேசினாலும் வேலையைத் தடுக்கவில்லையே என்று அருள்மேரி பொறுத்துக்கொண்டாள்.

தை மாதம் அறுவடை முடிந்தது. மதலைமுத்து நெல்லை உடனே விற்கிற ஆள் இல்லை. விலை ஏறட்டும் என்று மூட்டை பிடித்து வீட்டில் அடுக்குவார். இந்த வருஷம் விளைச்சல் அமோகம். காய்ந்ததும் காயாததுமாக வந்த மூட்டைகள் நெல் அறையில் தரையிலிருந்து உத்தரம் வரை ஏறின. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போக மட்டும் வழி விட்டிருந்தார்கள். அன்று மத்தியானமே அருள்மேரியின் திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

முதலில் அவள் கம்பெனி மடிக்கணினியைச் சந்தேகப்பட்டாள். சகாயராஜ் மேகமூட்டத்தைச் சந்தேகப்பட்டான். அவள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்கூடத்திலிருந்து நடந்து பார்த்தாள். கூடத்தில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. மூட்டைகளுக்கு நடுவே போகப் போக ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவள் அறை வாசலுக்கு வந்தபோது ஒன்றும் இல்லை. நெல்லுக்குள் இருக்கிற ஈரம் அலையைக் குடித்துவிடுகிறது என்று அவள் படித்துத் தெரிந்துகொண்டாள்.

"மாமா, மூட்டைய கொஞ்சம் வடவண்டச் செவுத்துப் பக்கம் தள்ளி அடுக்கலாங்களா? எனக்கு நெட்டு வரல."

மதலைமுத்து செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை. "நெல்லுக்காகத்தான் அந்த ரூமு. ஒன் நெட்டுக்காக நெல்லு நவுராது."

"அப்ப நான் கூடத்துல உக்காந்து பாத்துக்கறேன்."

"அது சரிப்படாது."

"அப்ப எங்கதாங்க மாமா நான் வேலை பாக்குறது?"

"பாக்கணும்னு யாரு சொன்னா?"

அருள்மேரிக்கு முகம் சுட்டது. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள்.

திருச்சியில் அவளுடைய குழுவுக்குப் பொறுப்பாளர் ராம்கி. நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "மேடம், திங்கட்கிழமைலேருந்து ஆடிட். வீட்லேருந்து வேலை பாக்குறவங்களோட லைன மேல உள்ளவங்க உக்காந்து லைவ்வா பாப்பாங்க. கட்டாகிக்கிட்டே இருந்துச்சுன்னா வீட்லேருந்து பாக்குறதுக்கு உள்ள பர்மிஷன எடுத்துருவாங்க. அப்புறம் தினம் ஆபீசுக்கு வரணும்" என்றார். தினமும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போவதற்கு மதலைமுத்து என்ன சொல்வார் என்று கேட்க வேண்டியதே இல்லை. பர்மிஷன் போனால் வேலையும் போகும். பீரோவுக்குள் பட்டத்தோடு தானும் திரும்பிப் போய் அடைந்துகிடக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள் அருள்மேரி. அப்புறம் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடு கும்பகோணம் போய் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்தாள்.

வாங்கி வந்ததும் எல்லாரும் செய்கிற தப்பை அவளும் செய்தாள். சிக்னல் எங்கே இல்லையோ அங்கே, தன் மேசை மேலேயே வைத்தாள். பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது, சக்கரம் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பெட்டிக்கு என்ன வந்து சேர்கிறதோ அதைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். நெல் மூட்டையைத் தாண்டி ஒன்றும் வராத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அது எதைக் கொடுக்கும்? முன்கூடத்துப் பெட்டியிலிருந்து இந்தப் பெட்டிக்கு ஒரு வயர் இழுத்தால் காரியம் முடிந்தது. ஆனால் வயர் போக இரண்டு சுவரில் ஓட்டை வேண்டும்.

ஊரில் எலக்ட்ரிக் வேலை செய்கிற கோவிந்தராசு வந்து சுவரைப் பார்த்தார். பிறகு முன்கூடத்தில் தொங்கிய மதலைமுத்துவின் சட்டையைப் பார்த்தார்.

"அண்ணி, பெரியவரு சொல்லாம நான் இந்தச் செவுத்துல கை வச்சேன்னா, அப்புறம் அவரு மோட்டாரு கொட்டகைக்கு நான் போக முடியாது. வேணும்னா ஓட்ட போடுற மெஷினத் தர்றேன். ஆனா நான் தந்தேன்னு வெளிய வரக்கூடாது."

"எப்புடிப் புடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அருள்மேரி முன்கூடத்துக்கு ஏணியைத் தூக்கி வந்தாள். மதலைமுத்து நெல் தரகர் இராஜாங்கத்தோடு விலை பேசிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே அந்த நேரத்தைத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். ஆள் இல்லாதபோது போட்ட ஓட்டை என்றால் திருட்டு ஓட்டை ஆகிவிடும். திருட்டுத்தனமாகச் செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை.

"மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. சுண்ணாம்பு விழும்."

மதலைமுத்து போட்ட சத்தத்தில் கூடம் அதிர்ந்தது. "எறங்கு கீழ! நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்தச் செவுத்துல ஓட்ட விழாது!"

"டிவிக்கு விழுந்துச்சு. இன்வர்ட்டருக்கு விழுந்துச்சு. உங்க ரூமு ஏசிக்கு பூனை பூந்து வர்ற அளவுக்கு விழுந்துச்சு. அப்பல்லாம் உசுரோடதான இருந்தீங்க மாமா?"

இராஜாங்கத்துக்குத் திடீரென்று இருமல் வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடி வந்த சகாயராஜ் அப்பாவைப் பார்த்தான், ஏணிமேல் நின்ற மனைவியைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் தலையாட்டியே காலத்தை ஓட்டியவன் அவன்.

"மேரி, சாயங்காலமா பேசிக்கலாமே..."

"பேசறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஏணியப் புடிங்க. ஆடுது."

ஏணி உண்மையாகவே ஆடியது. சகாயராஜ் வந்து பிடித்துக்கொண்டான். அப்பாவின் பக்கம் திரும்பாமல், அவளையும் நிமிர்ந்து பார்க்காமல், ஏணிக்காலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் கையை எடுக்கவில்லை. மெஷின் அலறியது. செங்கல் பொடி மதலைமுத்துவின் காபி டம்ளர் வரைக்கும் பறந்தது. முதல் ஓட்டை கோணலாகத்தான் விழுந்தது. அடுத்த ஓட்டையை நெல் அறையில் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து நேராகவே போட்டாள். நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலிக்கு வயர் என்றால் கரும்பு. அதனால் மருந்து தெளிக்கிற மெஷினின் பழைய குழாய்க்குள் வயரை நுழைத்து உத்தரத்தோடு சேர்த்துக் கட்டினாள். இறங்கி வந்தபோது தலையெல்லாம் நெல் தூசி. அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த வீட்டில் தும்மியதே இல்லை.

சாயங்காலம் சந்தோஷம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. மதலைமுத்து தினமும் டிவியில் செபமாலை நேரலை பார்ப்பார். அன்று செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் இரண்டாவதில் படம் உறைந்து நின்றது. மாதா பாதி முகத்தோடு நின்றாள். வீட்டில் எந்தப் போனிலும் நெட்டு இல்லை.

"செவுத்துல கை வச்சதுக்குத் தண்டனை" என்றார் மதலைமுத்து. அவர் குரலில் வருத்தத்தைவிடத் திருப்திதான் தூக்கலாக இருந்தது.

அருள்மேரி பக்தி உள்ளவள். ஒரு நிமிஷம் பயந்தேவிட்டாள். அப்புறம் மாதாவுக்கு வேறு வேலை இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு புதுப்பெட்டியின் அமைப்பைத் திறந்தாள். வீட்டில் ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் உள்ளே ஓர் எண்ணைக் கொடுத்து வரிசைப்படுத்துவது ரவுட்டரின் வேலை. அதை ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். இங்கே இரண்டும் செய்தன. போதாததற்கு இரண்டு பெட்டிகளும் தங்களுக்கே ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நின்றன. ஒரே வயலுக்கு இரண்டு பேர் முறைத்தண்ணீர் கட்ட வந்தால் வரப்பில் என்ன நடக்குமோ அதுதான் உள்ளே நடந்துகொண்டிருந்தது. தன் பெட்டியின் எண்ணை மாற்றினாள். எண் கொடுக்கிற வேலையை அதனிடமிருந்து பிடுங்கினாள். நான்காம் தேவ இரகசியத்தில் மாதா முழு முகத்தோடு வந்துவிட்டாள். மதலைமுத்து அருள்நிறைந்த மந்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார்.

அன்று அவள் அறையில் கோடுகள் முழுசாக நின்றன. தொட்டதும் பக்கங்கள் திறந்தன. நாளைக்கு எவன் வேண்டுமானாலும் மேலே உட்கார்ந்து பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை ஆடிட் தொடங்கிச் சற்று நேரத்தில் லைன் அறுந்தது. அவள் மூட்டைகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு முன்கூடத்துக்கு ஓடினாள். ரவுட்டரின் சுவிட்ச் அணைந்திருந்தது. மாமா வயலுக்குக் கிளம்பும்போது ஃபேனோடு சேர்த்துத் தட்டியிருப்பார் என்று நினைத்து, போட்டுவிட்டு வந்தாள். பதினொரு மணிக்கு மேல் மறுபடியும் அறுந்தது. மத்தியானம் மூன்றாவது தடவை ஓடியபோது, மதலைமுத்துவின் விரல் இன்னும் சுவிட்சிலேயே இருந்தது.

"மாமா, நான் வேலையில இருக்கேன்."

"கரண்டு வீணாப் போவுது."

"இத்துனூண்டு வெளக்குக்கு என்ன கரண்டுங்க மாமா?"

"இது என் கூடத்து சுவிட்சு. போடுவேன், அணைப்பேன். எவங்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

சாயங்காலம் ராம்கி கூப்பிட்டார். குரலில் சங்கடம் தெரிந்தது. "மூணு தடவை கட்டாயிருக்கு மேடம். நான் பேசிப் பாத்தேன். வியாழக்கிழமை இன்னொரு தடவை பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க. அதுதான் கடைசி."

அருள்மேரி கொல்லைக்குப் போய் அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை இல்லை, கடுங்கோபம். அவ்வளவு பாடுபட்டுச் சுவரைத் துளைத்து, தன் பெட்டியைக் கொண்டுபோய் அவருடைய சுவிட்சில்தானே கட்டி வைத்திருக்கிறாள்! இன்னும் நாலு ரவுட்டர் வாங்கினாலும் எல்லாம் அந்த ஒரு விரலுக்குக் கீழேதான் ஓடும். மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரையில் கேபிள்காரர்களின் கம்பம் ஒன்று தெரிந்தது. அது எத்தனையோ வருஷமாக அங்கேதான் நிற்கிறது. இன்றைக்குத்தான் அவள் அதைப் பார்த்தாள். முகத்தைக்கூடத் துடைக்காமல் லைன்காரர் ஷஹ்பாஸுக்குப் போன் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதலைமுத்து வைக்கோல் கட்டு ஏற்றப் போயிருந்தார். ஷஹ்பாஸ் வந்து தயங்கினார். "கனெக்சன் ஐயா பேர்ல இருக்கே அக்கா."

"பேர மாத்தச் சொல்லல தம்பி. எடத்த மாத்தச் சொல்றேன். வீடு அதே வீடு. அந்தக் கம்பத்துலேருந்து என் ரூமுக்கு லைன் எறக்க முடியுமா, முடியாதா?"

ஷஹ்பாஸ் கம்பத்தைப் பார்த்தார். தெருப்பக்க லைன் மாமரக் கிளையில் உரசி உரசி எப்போது அறுமோ என்று இருந்தது. இந்தப் பக்கம் தூரமும் குறைவு. "முடியுங்கக்கா" என்றார்.

சகாயராஜ் வீட்டில்தான் இருந்தான். யாரும் கேட்காமலே போய் ஏணியைத் தூக்கி வந்து கம்பத்தடியில் சாய்த்தான். அவளுக்கு அவன்மேல் இருந்த நெடுநாள் கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதியை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

டிவிக்கு மேலே இருந்த முதல் ரவுட்டர் கழன்று அவள் மேசைக்கு வந்தது. அவள் வாங்கிய இரண்டாவது ரவுட்டர் முன்கூடத்துக்குப் போய் அதே ஆணியில் உட்கார்ந்தது. இடையில் அவள் இழுத்த வயர் அப்படியே இருந்தது. நேற்றுவரை கூடத்திலிருந்து அவளுக்கு வந்தது, இன்றிலிருந்து அவளிடமிருந்து கூடத்துக்குப் போயிற்று. ஷஹ்பாஸ் டிவியைப் போட்டுச் சரிபார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப இனிமே முன்கூடந்தான் கடைமடைன்னு சொல்லுங்க அக்கா." சொல்லிவிட்டு, பெரியவர் வருகிறாரா என்று வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"கடைமடைன்னா தண்ணியே வராதுன்னு இல்ல தம்பி. மேல இருக்கறவங்க மறிக்காம விட்டா வரும்."

சாயங்காலம் மதலைமுத்து வந்தார். ஆணியில் பெட்டி இருந்தது, விளக்கு எரிந்தது, செபமாலை தடையில்லாமல் ஓடியது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஆடிட் தொடங்கியது. ராம்கியோடு இன்னும் இரண்டு பேர் இணைப்பில் இருந்தார்கள். அருள்மேரி ஒரு சிறுநீரக நோயாளியின் குறிப்பைத் திறந்து, எண்களைச் சொல்லிச் சொல்லிப் பதிந்துகொண்டிருந்தாள். முன்கூடத்தில் சுவிட்ச் தட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. திரையைப் பார்த்தாள். சக்கரம் சுற்றவில்லை. அவள் பேச்சை நிறுத்தாமல் அடுத்த எண்ணைச் சொன்னாள். சத்தம் மறுபடியும் கேட்டது. போட்டார், அணைத்தார். கூடத்து டிவிதான் மாறி மாறிச் செத்துப் பிழைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய அறை வாசலில் மதலைமுத்து வந்து நின்றார். அவள் வேலையில் சேர்ந்த பிறகு அவர் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மேசையில் எரிந்த பெட்டியைப் பார்த்தார். கொல்லை ஜன்னல் வழியாக இறங்கியிருந்த லைனைப் பார்த்தார். அவருக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. ஆயுசு முழுக்க வாய்க்காலும் மதகும் பார்த்தவர்.

அருள்மேரி ராம்கியிடம் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு ஹெட்போனைக் கழற்றினாள். எழுந்து நின்றாள்.

"என்ன பண்ணி வச்சிருக்க?" என்றார் மதலைமுத்து. "இது என் பேர்ல இருக்கற கனெக்சன்."

"பேரு உங்களோடதே இருக்கட்டும் மாமா. சுவிட்சு என் ரூமுல இருக்கட்டும்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வெளியே வந்தது வேறு.

"நாளைக்கு நீ அணைச்சுப்புட்டீன்னா?"

எழுபது வயது மனிதர் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு அப்படிக் கேட்டபோது அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அந்த இரக்கத்துக்காக அவள் ஓர் அடியும் பின்வாங்கவில்லை.

"நான் அணைக்க மாட்டேன் மாமா. அணைச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ராம்கியும் மற்றவர்களும் காத்திருந்தார்கள்.